மூன்று கையெழுத்து விண்ணப்பம்

நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை மாஸ்டர் ஈரக் கையோடு பிரித்ததில் உறையின் பாதி அவள் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நீச்சல்குளத்தில் காலை வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. மிதவைப் பலகைகளை அடுக்கிவைக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி அங்கேயே படித்தாள்.

மாஸ்டர் என்பது அவளுக்கு முன்னால் பயிற்சியாளராக இருந்தவரின் பட்டம். அவர் வேலையை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அந்த இடத்துக்கு ஒரு பெண் வந்த பிறகும் பிள்ளைகள் வாயில் அந்தச் சொல்லே நின்றுவிட்டது. டீச்சர் என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. சரி, மாஸ்டராகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டாள்.

கோடை விடுமுறையில் பதினொன்று முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்த இந்த வருடமும் மானியம் உண்டு என்றது கடிதம். ஆனால் இனிமேல் யாரும் தனியாகக் கேட்க முடியாது. ஒரே பகுதியில் இருக்கும் மூன்று அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து, மூன்று கையெழுத்தோடு ஒரே விண்ணப்பமாகக் கொடுக்க வேண்டும். ஒரு பகுதிக்கு ஒரு விண்ணப்பம்தான். கடைசி நாள் அடுத்த வாரம் புதன்கிழமை, மாலை ஐந்து மணி.

நான்கு வருடமாக அவள் தனியாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வருடமும் ‘வருந்துகிறோம்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. விடுமுறை வந்தால் குளத்தைச் சும்மா திறந்து வைப்பாள். வருகிறவர்கள் குதிப்பார்கள், போவார்கள். ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, பலகையும் இல்லை.

இந்த மானியத்தை ஒரே ஒரு தடவை அந்தத் தெருவில் ஒருவர் வாங்கியிருந்தார். எதிர்ப்பக்கம் இருக்கும் நூலகத்தின் தலைமை நூலகர். அவர் வேறு யாரும் இல்லை, மாஸ்டருடைய வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. அங்கேதான் சிக்கல். அந்த விண்ணப்பத்தின் நகலை நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். போகிற வழியில் மாஸ்டர் அதைப் படித்துவிட்டாள். ‘இப்பகுதியில் இளையோருக்கு வேறு எந்த வசதியும் இல்லை’ என்று நாத்தனாரின் அழகான கையெழுத்தில் இருந்தது. நூலக வாசலிலிருந்து குளத்து வாசலுக்கு நாற்பது எட்டு. அன்றைக்கே காலடி வைத்து எண்ணிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லித் தீர்த்தாள். அவர் பேருந்து ஓட்டுநர்; எந்தப் பக்கமும் இடிக்காமல் வண்டியை நடுவில் கொண்டுபோகத் தெரிந்தவர். அக்காவிடமே கேட்டுவிடு என்றார். அவள் கேட்கவில்லை. அண்ணி என்றுதான் அந்த நாத்தனாரைக் கூப்பிடுவாள்; இரண்டு வருடமாக அண்ணியைப் பார்த்தால் சிரிப்பாள், சாப்பிட்டீர்களா என்பாள், அதோடு சரி. மனதுக்குள் அந்த ஒற்றை வரி முள்ளாகக் கிடந்தது.

கடிதம் வந்த அன்று மதியம் குளத்துக் கதவு திறந்தது. நூலகர் வந்து நின்றாள். கண்ணாடி நெற்றிமேல் இருந்தது, கையில் அதே கடிதம். பதினோரு வருடத்தில் அவள் குளத்துக்குள் காலடி வைத்ததே இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் வழுக்கிவிடாமல் நுனிக்காலில் நடந்து வந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“ஒரு பகுதிக்கு ஒண்ணுதான்னு போட்டிருக்காங்க. நீ ஒரு பக்கம் ஆள் தேடி, நான் ஒரு பக்கம் ஆள் தேடினா ரெண்டு பேருக்கும் கிடைக்காது” என்றாள் நூலகர். “சேர்ந்து எழுதலாமா?”

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை வாங்கினாள். “எழுதலாம் அண்ணி” என்றாள்.

மறுநாள் நூலகத்தின் பின்அறையில் உட்கார்ந்தார்கள். படிவம் பதினான்கு பக்கம். நூலகர் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்து, பென்சிலால் எழுதி, திருத்தி, பிறகு பேனாவில் எழுதுகிறவள். மாஸ்டருக்கு எழுத்து வராது. ஆனால் பேச ஆரம்பித்தால் கை, கால், தோள் எல்லாம் சேர்ந்து பேசும். முதல் மூன்று கேள்விகளும் அமைப்பின் முகவரி, வயது, பொறுப்பாளர் என்று சுலபமாகப் போயின. நான்காவது கேள்வி: உங்கள் பகுதியில் இளையோருக்கு ஏற்கனவே உள்ள வசதிகள் யாவை?

பென்சில் நின்றது.

“போன தடவை இந்த இடத்துல நான் எழுதினது தப்பு” என்றாள் நூலகர். “தெரியாம எழுதல. குளம் இருக்குன்னு எழுதினா, அப்ப அவங்களுக்கே குடுத்துடறோம்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். நீ படிச்சிட்டேன்னும் தெரியும். உன் முகத்துலயே இருந்துச்சு. வந்து பேசத்தான் வாய் வரல.”

இதற்குப் பதிலாக மாஸ்டர் இரண்டு வருடமாக என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போதும் பேருந்தில் போகும்போதும் சொல்லிப் பார்த்த சொற்கள். அந்த நேரத்துக்கு அதில் ஒன்றும் கைக்குக் கிடைக்கவில்லை. அண்ணி இவ்வளவு நேராகச் சொல்லிவிடுவாள் என்று அவள் எதிர்பார்த்ததே இல்லை.

“இப்ப எழுதுங்க அண்ணி. நாற்பது எட்டுல ஒரு குளம் இருக்குன்னு எழுதுங்க.”

நூலகர் அப்படியே எழுதினாள். நேராகப் பேனாவிலேயே எழுதினாள்.

ஆறாவது கேள்விக்குப் போன கோடையில் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை வேண்டும். வயது வாரியாக, ஆண், பெண் என்று பிரித்து. மாஸ்டர் ஓடிப்போய்க் குளத்துப் பதிவேட்டைக் கொண்டுவந்தாள். தண்ணீர் பட்டுப் பட்டு அது அப்பளம்போல் நெளிந்திருந்தது. நூலகர் தன்னுடைய அட்டை போட்ட பதிவேட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

முதலில் சிரிப்புதான். உடைந்த பல்லோடு காலை முழுக்கக் குளத்தில் வம்பு பண்ணுகிற பயல், மதியம் நூலகத்தில் பூனைபோல உட்கார்ந்து விண்வெளிப் புத்தகம் படிக்கிறான் என்பதை மாஸ்டரால் நம்பவே முடியவில்லை. இருவரிடமும் வந்தது பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். தனக்கென்று ஒரு கூட்டம் இருப்பதாக இரண்டு பேருமே நினைத்திருந்தார்கள்.

பிறகு நூலகரின் பென்சில் ஒரு இடத்தில் நின்று, பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

நூலகப் பதிவேட்டில் பதினோரு வயதுப் பெண்பிள்ளைகள் இருபத்திமூன்று பேர். பன்னிரண்டில் பத்தொன்பது. பதிமூன்றில் நாலு. அதற்கு மேல் யாரும் இல்லை. குளத்துப் பதிவேட்டிலும் அப்படியே. பதிமூன்று வயதுக்கு மேல் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. முந்தைய வருடத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய வருடத்தையும் பார்த்தார்கள். மூன்று வருடமும் அதே வயதில் பெண்பிள்ளைகள் சொல்லிவைத்தாற்போலக் காணாமல் போயிருந்தார்கள்.

“வயசு வந்துட்டா தண்ணில இறங்கக் கூச்சமா இருக்கும், உங்க பக்கம் வந்துடறாங்கன்னு நெனச்சேன்” என்றாள் மாஸ்டர்.

“புத்தகம் அலுத்துப்போச்சு, உன் பக்கம் போயிட்டாங்கன்னு எனக்குத் தோணுச்சு” என்றாள் நூலகர்.

மாஸ்டர் சட்டென்று எழுந்துவிட்டாள். அந்தச் சின்ன அறையில் அலமாரிக்கும் சன்னலுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. அதற்குள் முன்னும் பின்னும் நடந்தாள். இதுதான் நம் விண்ணப்பம் என்றாள். தனித்தனியாகப் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. சேர்ந்து எழுதச் சொன்னதால்தான் தெரிந்தது. இனி மற்றதெல்லாம் பிறகு. நூலகர் அதற்குள் உறுப்பினர் அட்டைப் பெட்டியை இழுத்து, பழைய முகவரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

மறுநாள் மாலை, பள்ளி விட்ட பிறகு, இருவரும் வீடு வீடாக ஏறினார்கள். தெருமுனையில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, இடப்பக்கக் கதவு. மூன்று வருடத்துக்கு முன்னால் மல்லாந்த நீச்சலில் பையன்களையே பின்னுக்குத் தள்ளிய பெண் அங்கே இருந்தாள். அவள் தண்ணீரில் போனால் கரண்டியால் வெண்ணெயை வழித்த மாதிரி இருக்கும். அதனால் மாஸ்டர் அவளுக்கு ‘கரண்டி’ என்று பெயர் வைத்திருந்தாள். கதவைத் திறந்தவள் மாஸ்டரைவிட உயரமாக இருந்தாள். இடுப்பில் மூன்று வயதுத் தம்பி. பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுத் தங்கை. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

கரண்டி சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி ஓரமாகப் போட்டாள். அம்மா சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள், அப்பா சரக்கு லாரியில் போனால் ஒரு வாரம் கழித்துத்தான் வருவார். பள்ளி நாளில் தம்பியைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். விடுமுறை விட்டால் எல்லாம் இவள் தலையில்தான்.

“வரணும்னு ஆசைதான் மாஸ்டர்” என்றாள். “இவனை எங்க வைக்கிறது?”

அன்றைக்குப் பதினோரு கதவுகள் தட்டினார்கள். எட்டில் இதே பதில், ஆள்தான் வேறு. ஒரு பெண் கடையில் வேலைக்குப் போயிருந்தாள். ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. ஒருத்தி மட்டும் தனக்குத் தண்ணீரும் பிடிக்காது, புத்தகமும் பிடிக்காது, தூங்கத்தான் பிடிக்கும் என்று கொட்டாவி விட்டபடியே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நூலகர் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

இறங்கும்போது மாஸ்டர் இரண்டிரண்டு படியாகத் தாண்டினாள். மூன்றாவது கையெழுத்துக்குச் சதுரங்கக் குழுவைக் கேட்கலாம் என்று முந்தின நாள் வரை பேசி வைத்திருந்தார்கள். சதுரங்கம் இருக்கட்டும் என்று அவள் படிக்கட்டிலிருந்தே மேலே பார்த்துச் சொன்னாள். தன் வீட்டுக்காரரின் பணிமனையில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறதே.

பேருந்துப் பணிமனைக் காப்பகம் ஊழியர்களின் பிள்ளைகளுக்கானது. அதைப் பார்த்துக்கொண்டவர் முன்னாள் நடத்துநர். முழங்கால் தேய்ந்துபோய் ஓடும் வண்டியில் நிற்க முடியாமல் ஆனபோது, எட்டு வருடத்துக்கு முன்னால் அவரை அங்கே மாற்றினார்கள். பணிமனையே சிரித்தது. இப்போது குழந்தைகள் அவரை விட்டு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுகின்றன. எதைச் சொன்னாலும் ‘ரைட்டு’ என்பார். அதனால் அவர் பெயரே ரைட்டு என்றாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை மூவரும் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து பேசினார்கள். மாஸ்டர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். ரைட்டு மடியில் ஒரு குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே கேட்டார். விடுமுறையில் தன் காப்பகமும் பாதி காலிதான் என்றார். ஏன் என்று நூலகர் கேட்டாள். ஊழியர்களின் மூத்த பெண்கள் வீட்டில் இருப்பார்களே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னவர், சொல்லி முடித்ததும் தானே வாயை மூடிக்கொண்டார். பதிவேட்டில் காணாமல் போனவர்களும் அவர்கள்தான்.

ஆனால் அன்று அவர் ரைட்டு சொல்லவில்லை. வெளியார் பிள்ளைகளைச் சேர்க்கப் பணிமனை மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் விடுப்பில் இருக்கிறார். புதன்கிழமைதான் வருவார்.

அந்த நான்கு நாளில் மற்றப் பதிமூன்று பக்கங்களும் தயாராகிவிட்டன. காலையில் தம்பி தங்கையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நூலகம், மதியம் அவர்களை ஒரு பார்வை, பிறகு குளம், நாலு மணிக்கு வீடு என்று நேரம் போட்டார்கள். மதியம் இரண்டு மணி நேரம் குளம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். நூலகர் எழுதியதை மாஸ்டர் சத்தமாகப் படிப்பாள். படிக்கும்போது அவளுக்கே உற்சாகம் தாங்காமல் எழுதாததையும் சேர்த்துப் படிப்பாள். சேர்த்ததில் நல்லதாக இருந்தால் நூலகர் அதையும் எழுதிக்கொள்வாள். வேலை அப்படித்தான் நடந்தது.

புதன்கிழமை மேலாளர் வந்தார். மேசைமேல் ஒரு வாரத்துக் கோப்புகள். வெளியாள் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதுதான் அவருடைய முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுவே. பொறுப்பை யார் ஏற்பது என்று விண்ணப்பத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என நூலகர் காட்டினாள். மாஸ்டர் தன் முதலுதவிச் சான்றிதழை நீட்டினாள். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் யோசிக்கலாமே என்றார். மணி இரண்டரை.

கதவோரம் நின்ற ரைட்டு தொண்டையைச் செருமினார்.

“சார், போன கோடையில முப்பது கட்டில்ல பதினேழு காலி. காலி வண்டிய ஓட்டிட்டு வந்தா ஏன்னு கேக்கறீங்க. எழுதிக் குடுக்கச் சொல்றீங்க. எட்டு வருஷமா கட்டில் காலியா கிடக்கு, அத மட்டும் யாரும் கேக்கல. பொறுப்பு என்னோடது சார். இத்தனை வருஷத்துல எங்கிட்ட வந்த ஒரு புள்ளைக்கு முட்டிகூடச் சிராய்ச்சதில்ல.”

மேலாளர் அவரை உற்றுப் பார்த்தார். இந்த மனிதர் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. இரண்டு முதல் ஆறு வயது வரைதான், நாலு மணிக்கு மேல் ஒரு பிள்ளையும் இருக்கக்கூடாது, உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளைச் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்த இன்னொரு அறைக்குப் போக வேண்டியிருந்தது. முத்திரை வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது.

நகராட்சிக்குப் போகும் முதல் பேருந்து மாஸ்டருடைய வீட்டுக்காரரின் வண்டி. மூவரும் ஏறினார்கள். மாஸ்டர் ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு, சீக்கிரம் போங்கள் என்று கண்ணாடியில் கண்ணைக் காட்டினாள். மனிதர் அசைந்துகொடுக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றார். இறங்குகிறவர்கள் இறங்கிய பிறகும் இரண்டு கணம் பார்த்துவிட்டே கதவை மூடினார். தூரத்தில் ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வர, அவருக்காகவும் காத்திருந்தார்.

“வேணும்னே பண்றீங்களா?” என்று பல்லைக் கடித்தாள்.

“டைம் போட்டிருக்கு. டைமுக்குத்தான் போவேன்” என்றார் அவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாலு நாப்பத்தாறுக்கு நகராட்சி. நீ உக்காரு.”

நூலகர் விண்ணப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே இவன் இப்படித்தான் என்றாள்.

நாலு நாற்பத்தாறுக்கு வண்டி நகராட்சி வாசலில் நின்றது. வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே மாஸ்டர் குதிக்கப் பார்த்து, வீட்டுக்காரரிடம் ஒரு திட்டு வாங்கிக்கொண்டாள். உள்ளே கவுண்டரில் இருந்த பெண் பதினான்கு பக்கத்தையும் எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணி, மூன்று கையெழுத்தையும் மூன்று முத்திரையையும் சரிபார்த்து, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். அப்போதுதான் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

பத்து நாள் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பங்கேற்கப் போகும் இளையோரில் ஒருவரும் வர வேண்டும் என்று அதில் இருந்தது. கரண்டியைக் கூப்பிட்டார்கள். தங்கையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டாள். தம்பி அங்கே நிற்கமாட்டேன் என்று அழுது, இவள் இடுப்பிலேயே ஏறி வந்துவிட்டான். காப்பகத்தில் விடலாமென்றால் அதைப் பார்த்துக்கொள்கிறவர் இங்கே நேர்காணலுக்கு நிற்கிறார்.

நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் தலைவர். அவர் முதலில் கேட்டது மாஸ்டர் பயந்துகொண்டிருந்த கேள்விதான்.

“பணம் ஒண்ணு, பங்காளிங்க மூணு பேர். நடுவுல உங்களுக்குள்ள தகராறு வந்தா என்ன செய்வீங்க?”

நூலகர் பதில் எழுதி வைத்திருந்தாள். தாளைத் தேடுவதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டாள்.

“தகராறு எல்லாம் முன்னாடியே பண்ணி முடிச்சிட்டோம் மேடம். இவங்க என் வீட்டுக்காரரோட அக்கா. ரெண்டு வருஷம் நாங்க சரியா பேசிக்கல. அதுல ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடைக்கல. பணம் அண்ணி கையில இருக்கட்டும். அவங்க எழுதினா ஒரு புள்ளிகூட மாறாது.”

நூலகர் தாளைத் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

தலைவர் இப்போது கரண்டியைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கும் நேரத்தில் இடுப்பிலிருந்த தம்பி, தனக்கு ஒன்றுக்கு வருகிறது என்று அந்த அறைக்கே கேட்கும்படி அறிவித்தான். கரண்டி முகம் வெளிறி எழுந்தாள். அதற்குள் ரைட்டு குனிந்து பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ரைட்டு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். பையன் அழவில்லை. அவருடைய சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனான்.

கரண்டி நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் வெறுமையாக இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டினாள், பிறகு முன்னால் கொண்டுவந்தாள்.

“இது மாதிரி ரெண்டு மணி நேரம் போதும் மேடம்” என்றாள். “யாராவது அவனைப் பாத்துக்கிட்டா போதும். மத்தத நான் பாத்துக்குவேன். பன்னெண்டு வயசுல நான் நல்லா நீஞ்சுவேன். இப்பவும் ஒடம்புக்குத் தெரியும்னு நெனைக்கறேன். எங்க மாடியிலயே இன்னும் நாலு பேர் இருக்காங்க. அவங்களும் வருவாங்க.”

அதற்குப் பிறகு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதிகம் கேள்வி வரவில்லை. நிறைய எழுதினார்கள்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நூலகத் தொலைபேசிக்கு வந்தது. நூலகத்துக்குள் ஒரு நாளும் வேகமாக நடந்தறியாத பெண், வாசிப்பவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்க, நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். செருப்பைக் கழற்ற மறந்து ஈரத் தரையில் வந்து, வழுக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் நெஞ்சளவு தண்ணீரில் பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளோடு நின்றிருந்தாள்.

“கிடைச்சிடுச்சு” என்றாள் நூலகர். மூச்சில் பாதி அதற்கே போய்விட்டது.

பிள்ளைகளுக்கு முன்னால் கத்தக்கூடாது என்பது மாஸ்டருடைய சொந்த விதி. அதனால் தண்ணீருக்குள் முங்கி, அங்கே வைத்துக் கத்தினாள். மேலே குமிழிகள் மட்டும் வந்தன. பன்னிரண்டு பிள்ளைகளும் காரணம் தெரியாமலே தாங்களும் முங்கினார்கள்.

மேலே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டபோது நூலகர் மீதியைச் சொன்னாள். கேட்டதில் ஒன்றை மட்டும் வெட்டிவிட்டார்கள்: நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. மிதவைப் பலகையை வெட்டியிருக்கலாமே என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நூலகர் கையை வீசினாள். இருக்கிற புத்தகத்திலேயே பாதியை இன்னும் யாரும் தொடவில்லை என்றாள்.

கோடை நிகழ்ச்சியின் முதல் நாள் இருபத்தாறு பெண்கள் வந்தார்கள். பதினைந்து வயதும் இருந்தது, பதினேழும் இருந்தது. கூடவே பதினேழு குட்டிகள். பணிமனைக் காப்பகத்தின் வாசலில் ரைட்டு நின்று, உள்ளே வாங்க, முன்னாடி நகருங்க, நடுவில் இடம் இருக்கு என்று பழைய பழக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்திருந்த பெண், அவரிடம் ஒரு பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாமா என்று கேட்டாள்.

நூலகத்தில் முதல் வாரம் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. பாதிப் பேர் மேசையில் தலையை வைத்துத் தூங்கினார்கள். பிடித்தது தூக்கம்தான் என்று சொல்லிக் கதவைச் சாத்திய பெண்ணும் அதில் இருந்தாள். உறுப்பினர் ஒருவர் புகார் சொன்னபோது, தூங்கட்டும், எத்தனை நாள் தூக்கமோ என்று நூலகர் சொல்லிவிட்டாள். மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பியும் வைத்தாள். இரண்டாவது வாரம் ஒருத்தி விழித்துக்கொண்டு, விண்வெளிப் புத்தகம் எங்கே என்று கேட்டாள்.

குளத்தில் கரண்டிக்கு முதல் நாள் ஒன்றும் வரவில்லை. கால் கீழே போயிற்று. தண்ணீர் மூக்கில் ஏறியது. உடம்புக்குத் தெரியும் என்று சொன்னது பொய்யாகிவிட்டதே என்று படியில் உட்கார்ந்து அழுதாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் இடுப்பைத் தூக்கிப் பிடித்தாள். அதற்கு மறுநாள் விரல் நுனியால் மட்டும் தாங்கினாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை கரண்டி குளத்தின் முழு நீளத்தையும் மல்லாந்தே கடந்தாள். கை சுவரில் தட்டியதும் திரும்பிப் பார்த்தாள். கரையில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, தம்பியைக் கூப்பிடப் போக வேண்டுமே என்றாள்.

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கு மாஸ்டர்” என்றாள் கரண்டி.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சுவரை உதைத்துக்கொண்டு மறுபடி கிளம்பிவிட்டாள். மாஸ்டர் கரையோரமாக அவளுக்கு இணையாக நடந்தாள். பாதி தூரத்தில் நடை போதாமல் போய், ஈரத் தரை என்றும் பாராமல் ஓடத் தொடங்கினாள்.